நார்க் கொங்கிரீட் தாங்குசுவருக்குப் பீம் சோதனை மட்டும் போதுமா?

ஹட்டன்_பொறியியலாளர்:
எங்கள் பகுதியில் தோட்டப் பாதையோரத்தில் மண்ணைத் தடுத்து நிற்கும் தாங்குசுவர் ஒன்றுக்குக் கம்பியைக் குறைத்துவிட்டு உருக்கு நார் கலக்கலாம் என்கிறார்கள். சுவரின் தடிப்பு 300 மி.மீ. ஆதாரமாகக் காட்டுவது மூன்று பீம்களின் வளைவுச் சோதனை அறிக்கையை மட்டுமே. ஈஎன் 14651 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி 150 மி.மீ. சதுர பீமின் அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு வெட்டுப் போட்டு, 500 மி.மீ. இடைவெளியில் தாங்கி, நடுவில் சுமை ஏற்றியிருக்கிறார்கள். வெடித்த பின் நார் தாங்கும் வலிமையாக அதில் கிடைத்த பெறுமானம் இந்தச் சுவருக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். 60 மி.மீ. நீளமான நார், அச்சுப்பெட்டியின் பக்கப் பலகையை ஒட்டிய இடத்தில் குறுக்காக நிற்க முடியாமல் பீமின் நீளவாக்கில் படுத்துவிடுகிறது. வெடிப்பை இழுத்துப் பிடிக்க உகந்த திசையும் அதுதான். தடித்த சுவருக்கு அந்தச் சாதகம் மிகக் குறைவு.

பதுளைச்_சோதனையாளர்:
தம்பி, பக்கப் பலகையின் விளைவு உண்மை. ஆனால் சோதனையைக் கழித்துவிட அது போதாது. அதிர்வூட்டும்போது நார் கீழே இறங்கும் என்பதை அறிந்துதான், பீமைத் தொண்ணூறு பாகை திருப்பி, வார்த்தபோது பக்கமாக இருந்த முகத்தில் வெட்டுப் போடச் சொல்கிறார்கள். கணக்கையும் பாருங்கள். ஒரு கன மீற்றர் கொங்கிரீட்டுக்கு 30 கிலோகிராம் நார் என்றால் கனவளவில் ஏறத்தாழ 0.38 வீதம். நாரின் விட்டம் 0.9 மி.மீ. என்றும் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கிறது என்றும் கொண்டால், வெட்டுக்கு மேலுள்ள 150க்கு 125 மி.மீ. முகத்தைக் கடப்பவை சுமார் 56 நார்களே. பத்து நார் கூடிக் குறைந்தாலே முடிவு மாறும். உங்கள் சுவரின் ஒரு மீற்றர் அகலத்தைக் கடப்பவையோ ஏறக்குறைய 900. அங்கே ஏற்றத்தாழ்வு தணியும் என்பதால், மூன்று பீம்களின் சிதறலிலிருந்து எடுத்த சிறப்பியல்பு வலிமை (சிதறலுக்கேற்பச் சராசரியிலிருந்து குறைத்து எடுக்கும் பெறுமானம்) சுவருக்கு அளவுக்கு மீறிக் குறைவாகவே இருக்கக்கூடும்.

ஹட்டன்_பொறியியலாளர்:
சிதறலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், சேர். ஆனால் நான் கேட்பது சராசரியைப் பற்றி. நார்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் உயர்ந்த சராசரியை, எத்தனை பீம் உடைத்தாலும் சரிசெய்ய முடியாது. மாதிரிச் சுவர் ஒன்றை வார்த்து, அதிலிருந்து அறுத்தெடுத்த பீம்களைச் சோதித்து, உடைந்த முகங்களில் நார்களை எண்ணிய பிறகே என் மனம் ஒப்பும்.

பதுளைச்_சோதனையாளர்:
அறுத்தெடுத்துச் சோதிப்பதை நானும் ஆதரிக்கிறேன்; அதற்கான செலவு, மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் வீணல்ல. ஆயினும் கம்பியைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அதன் காரணம் நார்ப் பரம்பல் அன்று. நிலத்தில் படுத்திருக்கும் தளம் வெடித்தால், சுமை அக்கம்பக்கத்துக்குப் பகிர்ந்து செல்லும். அடியில் மட்டும் பிடிக்கப்பட்டு நிற்கும் சுவருக்கு அப்படி வேறு வழி கிடையாது. இந்த அளவு நாரில், வெடித்த பின் தாங்குதிறன் பெரும்பாலும் இறங்கவே செய்யும். அடிப்பகுதியின் இழுவிசைக் கம்பியை முழுமையாக வைத்துவிட்டு, சுருக்க வெடிப்பைக் கட்டுப்படுத்த நாரைச் சேருங்கள்.