அந்தக் காலத்தைப் பத்தி யாரோ சொல்லி, இன்னும் மனசை விட்டுப் போகாத பேச்சு – உங்களுக்கு எது?

பொருநைக்கரை:
சித்தப்பா தோட்டத்துல மண்ணு சமப்படுத்தறப்ப ஜேசிபில தட்டுப்பட்டுச்சு, தாழி, செத்தவங்களை வச்சுப் புதைக்கற பெரிய பானை, வாய் உடைஞ்சு உள்ள மண்ணு ரொம்பி. ஆதிச்சநல்லூர் பக்கம்லாம் இது சகஜம், உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பாத்துட்டு, "அப்பல்லாம் மனுசருக்குச் சாவே வராதுப்பா, வயசாக வயசாகச் சுருங்கி ஒரு முழத்துக்கு வந்துருவாக, மாடக்குழில உக்கார வச்சிருப்பாக, பெறவு முடியாம சோறு தண்ணி விளக்கு எல்லாம் வச்சு தாழிக்குள்ள இறக்கிருவாக"ன்னு சொல்லிட்டு அந்த விளிம்பைத் தடவி "எந்த மகராசியோ"ன்னாங்க. ஜேசிபி ஓட்டுன தம்பி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி செருப்பைக் கழட்டிட்டான்.

நான் கதையை நம்பல. 1899லேர்ந்து தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ இங்க தோண்டி எடுத்தது எலும்பு, இரும்பு, வெண்கலம், தங்கப் பட்டம், செத்தவங்களைப் புதைச்ச இடம்தான் இது. ஆனா தாழிக்குள்ள சோறு தண்ணிக்குன்னு சின்னச் சின்னக் கிண்ணம் இருக்கும்ங்கிறது ஆச்சி கதைக்குள்ள எப்படி வந்துச்சு? எப்பவோ யாரோ ஒரு தாழியைத் திறந்து, குறுக்கி வச்ச எலும்பையும் கிண்ணத்தையும் பாத்துட்டு, ஏன்னு யோசிச்சு சொன்ன பதில்தான் அந்தக் கதைன்னு எனக்குத் தோணுது. யாராச்சும் இதே கதையை வேற ஊர்ல கேட்டிருக்கீங்களா?

செம்மண்:
நாங்க கேட்டது அசுரன் எலும்புன்னு. விழுப்புரம் பக்கம் திருவக்கரையில இருக்கற கல்மரம், அதாவது கல்லாப் போன பழைய மரம். காளி வதம் பண்ண அசுரனோட எலும்புதான் இப்படிச் சிதறிக் கிடக்குன்னு அங்க சொல்லுவாங்க. போர்டுல 2 கோடி வருஷம்னு போட்டிருக்கு. வேர் இல்ல, கிளை இல்ல, வெள்ளம் அடிச்சுட்டு வந்து மண்ணுல மூடி அப்படியே கல்லானது. நான் மாமியாரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், நல்லா விளக்கிச் சொன்னேன், எல்லாம் கேட்டுட்டு "அப்ப இது பாண்டவர் காலத்துக்கு முன்னயா பின்னயா"ன்னாங்க. எனக்கு வாய் வரல. மனுஷனே இல்லாத ஒரு காலம்னு எப்படிச் சொல்றது, அவங்களுக்குக் காலம்னா அதுல யாராச்சும் இருக்கணும். இப்ப வரைக்கும் சரியான பதில் கிடைக்கல எனக்கு.

வைகைமணல்:
@பொருநைக்கரை ஆச்சி கதையெல்லாம் அழகுதான் அண்ணே, ஆனா அதை நாம பெருசாக்கறதுதான் பிரச்சினை. கீழடி மியூசியம் 2023ல திறந்தப்புறம் போயிருந்தேன், ஒருத்தர் பையன்கிட்ட "இருபதாயிரம் வருஷம் பழசுடா"ங்கறாரு. 353 செ.மீ ஆழத்துல எடுத்த கரித்துண்டுக்கு கி.மு. 580ன்னு வந்துச்சு, அதாவது 2600 வருஷம் சொச்சம், அது போதாதா? எதுக்கு ஒரு சைபரைச் சேக்கறோம்? ஆனா அந்தப் பையன் அதைக் காதுலயே வாங்கல. பானை ஓட்டுல ஆதன்னு கீறி இருந்ததை எழுத்துக்கு எழுத்து சார்ட்டைப் பாத்துப் படிச்சுட்டு, "அப்பா இது அவரு தட்டா, டிபன் பாக்ஸ்ல பேர் எழுதற மாதிரி எழுதிட்டாரா"ன்னான். அவர் சொன்ன இருபதாயிரத்தை விட அவன் கேட்டதுலதான் கீழடி இருந்துச்சு.

மலைநடை:
@வைகைமணல் சைபர் சேக்கறதைக் கண்டிக்கறீங்க, சரி. அதுக்காகக் கதை சொல்ற கிழவியைத் திட்டக் கூடாது. அவங்க யார்கிட்டயும் சர்டிபிகேட் கேக்கல. ஆனா கதையால நஷ்டமும் உண்டு, அதைச் சொல்லத்தான் வந்தேன். மதுரையைச் சுத்தி எந்தக் குன்றுல கல்படுக்கை இருந்தாலும் பஞ்சபாண்டவர் படுக்கை. மாங்குளத்துல ஆடு மேய்க்கற பெரியவர் "இது பீமன், இது சகதேவன்"னு நீளத்தை வச்சு எனக்குப் பிரிச்சுக் காட்டினாரு. தலைக்கு மேலயே கல்வெட்டு இருக்கு, நெடுஞ்செழியன் பேரு, வெள்ளறை நிகமத்து (வணிகக் குழு) வணிகர்கள், சமண முனிவருக்கு வெட்டிக் குடுத்த இடம்னு, 2200 வருஷம் இருக்கும். வெட்டினவன் பேரே மேல இருக்கறப்ப கீழ பீமன் படுத்திருக்கான். பெரியவருக்கு அதைப் படிச்சுக் காட்டினேன். "நெடுஞ்செழியனா, நம்ம மதுரை ராசாவா"ன்னு தலையில இருந்த துண்டை எடுத்துட்டாரு. அதுக்கப்புறம் அவர் பீமனைப் பத்திப் பேசவே இல்ல.

பழைய_ஓடு:
என் அனுபவம் சின்னது, வயல்ல ஒரு பழைய கறுப்பு சிவப்புப் பானை ஓடு கிடைச்சுது, அவ்வளவுதான். ஆனா @பொருநைக்கரை சொன்னதைப் படிச்சுட்டு ஒண்ணு சொல்லியே ஆகணும், கேக்கலைன்னாலும் சொல்றேன். தாழி கிடைச்சா முதல்ல மெஷினை நிறுத்துங்க. உள்ள இருக்கற மண்ணை அள்ளிக் கொட்டாதீங்க, ஓட்டைக் கழுவாதீங்க, எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. பானையை விட உள்ள இருக்கற மண்ணுதான் முக்கியம். ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்துல சிவகளையில ஒரு தாழிக்குள்ள இருந்த நெல் உமியை வச்சுத்தான் கி.மு. 1155ன்னு காலம் சொல்ல முடிஞ்சுது, அதை யாராச்சும் பைப்புத் தண்ணி அடிச்சுக் கழுவியிருந்தா போச்சு. எங்க எந்த ஆழத்துல இருந்துச்சுன்னு பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க. அப்புறம் விஏஓ, தாசில்தார் யார்கிட்டயாச்சும் எழுத்துல குடுங்க. புதையல் சட்டம் 1878லேர்ந்து இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லணும். நிலத்தைப் பிடுங்கிருவாங்கன்னு பயந்து ராத்திரியோட ராத்திரியா மூடிடறவங்களை எனக்குத் தெரியும், அவங்க பயம் புரியுது, ஆனா உடைச்சுட்டா திரும்ப வராது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஷோகேஸ்ல வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

கொற்றலை:
@பழைய_ஓடு நல்ல விஷயம், ஆனா அவர் கேட்டது கதையைப் பத்தி. என்னோடது திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம், கற்காலக் கருவிகள் கிடைச்ச இடம். கைக்கோடாரி, குவார்ட்சைட்ங்கற கெட்டியான கல்லு, ரெண்டு பக்கமும் தட்டித் தட்டிக் கூர் எடுத்தது. ஆய்வு பண்றவர் ஒருத்தர் கையில வச்சுக் காட்டினப்ப விரல் தானாப் போய் உக்காருது. 2011ல வந்த ஆய்வுல அந்த இடத்துக்கு 15 லட்சம் வருஷம்னு வந்துச்சு. நம்ம இனமே வந்து 3 லட்சம் வருஷம்தான் ஆகுது, அப்ப அதைச் செஞ்சது நாம இல்ல, வேற மனுஷங்க. கூட வந்த அண்ணன் அங்கயே போட்டோ எடுத்து, 15 லட்சம் வருஷத்துக்கு முந்தைய தமிழன் கோடாரின்னு போஸ்டர் போட்டுட்டாரு. அந்தக் கல்லைத் தட்டினவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதே கொஞ்சம், அதையும் நம்ம பேரைப் போட்டு அழிக்கணுமா? முகத்துக்கு நேரா கேட்டுட்டேன். "தம்பி, ஷேர் ஆயிரம் தாண்டிருச்சு, இப்ப மாத்த முடியாது"ன்னாரு. அதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்ல, ஆனா நான் கேட்டது சரிதான்.