எதிர்ப்பொருளா, எதிர்பொருளா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தண்டையார்பேட்டை மாலை வகுப்பு ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். கண்காட்சிக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. சாதாரணப் பொருளைத் தொட்டதும் அதோடு சேர்ந்து அழிந்து ஒளியாகிவிடும் 'ஆன்டிமேட்டர்' என்பதற்கு 'எதிர்ப்பொருள்' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி, பகல் × இரவு, இன்பம் × துன்பம் என்று நோட்டில் வரிசையாக எழுதத் தொடங்கிவிட்டாள்!

கருத்து எளிதில் புரிந்துவிட்டது. கேரம் பலகையில் 9 வெள்ளைக் காய்களும், பழைய பெட்டியிலிருந்து ஒன்றைச் சேர்த்து 10 கறுப்புக் காய்களும் வைத்தேன். கறுப்பு சாதாரணப் பொருள், வெள்ளை ஆன்டிமேட்டர், இரண்டும் தொட்டால் ஒளியாகிவிடும் என்று சொல்லி, ஜோடி ஜோடியாக எடுத்தேன். ஒரு கறுப்பு மிஞ்சியது. "பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு கோடி ஜோடிக்கு இப்படி ஒன்று மிஞ்சியது. நாமெல்லாம் அந்த மிச்சம்தான்" என்றேன். வகுப்பே அந்தக் காயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர்தான் இன்னும் அமையவில்லை.

பெரம்பூர் அன்பர்:

எதிர்ப்பருப்பொருள் என்பதே துல்லியம். நோயோடு போராடும் புரதத்துக்கு மருத்துவ நூலார் 'எதிர்ப்பொருள்' என்று ஏற்கெனவே பட்டா போட்டுவிட்டார்கள்.

ராயபுரம் அன்பர்:

ஐயா, அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜோடி அழிந்துவிடும். 'ப்' என்ற ஒற்றை நீக்கி 'எதிர்பொருள்' என்போம். எதிர்காலம் போல இதுவும் வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம். எதிர்ந்த பொருள், எதிர்கின்ற பொருள், எதிரும் பொருள். சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் எதிர்ந்தது. இன்றும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் 40 எப்போதாவது எலக்ட்ரானின் எதிர் இணையான பாசிட்ரான் ஒன்றை உமிழ, அது பக்கத்து எலக்ட்ரானை எதிர்ந்து மடிகிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நாளையும் எதிரும். முக்காலமும் ஒரு சொல்லில்!

இன்னொன்று. 1964இல் கேயான் என்ற நுண்துகளின் சிதைவில், பொருள், எதிர்பொருள் என்ற இரு தரப்பையும் இயற்கை சமமாக நடத்தவில்லை என்று கண்டார்கள். நாம் அறிந்த அந்த வேறுபாடு இந்த மிச்சத்தை விளக்கப் போதவில்லை. அந்த வேறுபாட்டுக்குச் 'சமச்சீர்மை மீறல்' என்ற பெயர் எதற்கு? 'ஓரவஞ்சனை' என்ற சொல் வீட்டிலேயே இருக்கிறதே.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:

ஓரவஞ்சனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அடுத்த அட்டைக்கு வைத்துக்கொள்கிறேன். எழுதிய ஏழு பேரில் நால்வர் எதிர்பொருள் என்கிறார்கள். அப்படியே அனுப்புகிறேன்.

பெரம்பூர் அன்பர்:

அதே அட்டையின் இரண்டாம் வரியில் 'எதிர்த்துகள்' என்று வல்லினம் மிகுத்து எழுதியிருக்கிறீர்கள். துகளுக்கு மிகும் ஒற்று பொருளுக்கு ஏன் மிகவில்லை? எனக்கு உடன்பாடில்லை.