கரிசல்ல கல் பாவினவங்க இருக்கீங்களா? நடந்ததைச் சொல்லுங்க

விளாத்திகுளத்தான்

பின்கட்டுல, துவைகல்லுக்கும் அடுப்படி வாசலுக்கும் நடுவுல கடப்பாக்கல் பாவினேன். ஆள் வைக்கல, நானேதான். கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒரு அடி தோண்டி, எம்சாண்ட் மணல் கொட்டி, தண்ணி விட்டு, திம்சு போட்டு இறுக்கி, மேல கல்லு. ரசமட்டத்துல குமிழி நடுவுல அசையாம நின்னுச்சு.

ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி. சிதறுகாய் உடைச்ச மாதிரி பின்னாடி ஒரு சத்தம். டார்ச் அடிச்சுப் பார்த்தா, சுவரை ஒட்டின வரிசை முழுசும் மேல தூக்கி நிக்குது. ஒரு கல்லு குறுக்க விரிஞ்சிருக்கு. அடியில விரலை விட்டேன், ஒரு கணு உள்ள போச்சு. ஆனா நடு வரிசை போட்டது போட்டபடி இருக்கு! அதான் இன்னிக்கு வரைக்கும் மனசுல ஓடிட்டே இருக்கு. அதே மண்ணு, அதே மணல், அதே கல்லு. ஓரத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு? சித்திரையில அதே ஓரம் கீழ இறங்கிருச்சு. சுவரோர வெடிப்புல டேப்பை விட்டா முழங்கை ஆழத்துக்குப் போகுது. அம்மா அந்தப் பக்கம் நடந்தா நான் அவங்க காலையேதான் பாக்குறேன்.

மண்பார்ப்பவன்

அருப்புக்கோட்டைப் பக்கம் எங்க வீட்லயும் இதே கதைதான். நடுவுல கல்லு மூடியிருக்கு, அதனால கீழ இருக்கிற ஈரம் லேசுல மாறாது. ஓரம் அப்படியில்ல. கூரைத் தண்ணி அங்கதான் விழுது, வெயிலும் அங்கதான் இறங்குது. குடிக்கிறதும் காயுறதும் ஓரத்து மண்ணுதான்.

நான் சொல்ல வந்தது வேற. ரெண்டாவது தடவை பாவுறதுக்கு முன்னாடி மண்ணைச் சோதிச்சுப் பார்த்தேன். மண் சோதனைக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2720, அதோட நாற்பதாம் பகுதியில இருக்கிற சோதனை. காயவச்ச மண்ணை நைசா சலிச்சு, பத்து பத்து கிராமா ரெண்டு அளவுக் குடுவையில போடணும். ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல தண்ணி, 100 மில்லி வரைக்கும். கிளறிவிட்டு ஒரு நாள் அப்படியே வைக்கணும். மண்ணெண்ணெயில களிமண் உப்பாது, தண்ணியில உப்பும். மறுநாள் காலையில அடுப்படி மேடையில ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். மண்ணெண்ணெய்க் குடுவையில அடியில கொஞ்சூண்டு கிடக்கு. தண்ணிக் குடுவையில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, கருப்பா கூழ் மாதிரி எழும்பி நிக்குது. வீட்டுக்காரி ரெண்டையும் பாத்துட்டு, "இது மேலயா நாம வீடு கட்டியிருக்கோம்?"னு கேட்டா. எனக்குப் பதில் வரல.

அப்புறம் ரெண்டரை அடி கரிசலை வெட்டி வெளிய எடுத்துட்டு, கிராவல் அடிச்சேன், அதான் களிமண் கலந்த, உப்பாத சரளை மண்ணு. அரையடி அரையடியா போட்டு, தண்ணி தெளிச்சு, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கினேன். அசையல. விளாத்திகுளத்தாரே, நீங்களும் அதைத்தான் செய்யணும். மணலை மட்டும் மறந்துடுங்க.

கொத்தனார் மகன்

மண்பார்ப்பவன் சார் சொன்ன சோதனை சரி. ஆனா "ரெண்டரை அடி வெட்டுங்க"ன்னு எல்லாருக்கும் சொல்றது ஆபத்து. பழைய வீட்டுக்குக் கருங்கல் அஸ்திவாரம் எத்தனை அடி இறங்கியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? மூணு அடிதான் இருந்தா, சுவரோரம் ரெண்டரை அடி திறந்து போட்ட அன்னிக்கு ராத்திரி மழை வந்தா என்ன ஆகும்? எங்கப்பா கூட வேலைக்குப் போனப்ப அப்படித் திறந்து வச்ச பள்ளத்துல ஒரு சுவர் மூலை விரிசல் விட்டதைக் கண்ணால பார்த்தேன். அப்பா கலவைக் கரண்டியைக் கீழ வச்சுட்டு, எங்க யாரையும் சுவர் கிட்ட போகவிடல. அவ்வளவுதான் என் கதை.

இனி கேட்டுக்கோங்க. சுவரை விட்டு ரெண்டடி தள்ளி ஆழமா வெட்டுங்க. சுவரோரம் ஒரு அடிக்கு மேல போகாதீங்க. மணல் ஏன் வேண்டாம்னு அவர் சொல்லாம விட்டுட்டார், நான் சொல்றேன். கரிசல்ல தண்ணி கீழ இறங்காது. அங்க பள்ளம் தோண்டி மணல் ரொப்பினா அது தொட்டி. மழைத் தண்ணி முழுக்க அதுல தேங்கி, சுத்தியிருக்கிற கரிசலுக்கு மாசக்கணக்கா ஊட்டிக்கிட்டே இருக்கும். கிராவல்ல களிமண் கலந்திருக்கிறதால இறுக்கினா தண்ணியை உள்ள விடாது. வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் குறையாம வைங்க, வீட்டை விட்டு வெளிய போற மாதிரி. கூரைத் தண்ணியைக் குழாய் போட்டு வாய்க்கால்ல விடுங்க. கல்லையும் சுவரையும் கலவை போட்டு ஒட்டவே கூடாது. அரை அங்குலம் இடைவெளி விட்டு தார் அடைங்க. சுவர் நிக்கும், கல்லு ஏறி இறங்கும். ரெண்டையும் கட்டிப்போட்டா கல்லுதான் உடையும். வெட்டி எடுக்க வசதி இல்லாதவங்க சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பதப்படுத்தலாம். நீறாத சுண்ணாம்புன்னா கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், தண்ணி பட்டா கொதிக்கும். அப்புறம் கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான். புளித்தண்ணி, எலுமிச்சை, கக்கூஸ் கழுவுற ஆசிட் எது பட்டாலும் மினுக்கம் போயிடும். துவைகல் பக்கத்துக்குக் கருங்கல் பலகைதான் நல்லது.

மண்பார்ப்பவன்

நான் வெட்டினது புதுசா கட்டின பக்கம், அஸ்திவாரம் ஆறடி. அதைச் சொல்லாதது நிஜம்தான். ஆனா உப்பாத மண்ணை நிரப்புறது என் யோசனை இல்லைங்க. ஐஐடி பம்பாயில பேராசிரியர் ஆர். கே. கட்டி 1970கள்லயே ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது. அவர் ஒரு மீட்டர் கனத்துக்கு வேணும்னார். ஒரு அடியில கரிசல் அடங்கும்னு நம்பச் சொல்லாதீங்க.

வடமராட்சி ஸ்காபரோ

இஞ்ச கனடாவில கரிசல் இல்லை, ஆனா களிமண்தான். பின்வளவில இன்டர்லாக் கல் நானும் மகனும் பதிச்சனாங்கள். கிண்டுறதுக்கு முதல் ஒன்டாரியோவில ஃபோன் பண்ணிச் சொல்லி, நிலத்துக்குக் கீழ போற லைனுகளுக்கு அடையாளம் போடுவிக்க வேணும், சட்டம் அது. அவங்கள் வந்து புல்லுக்குள்ள மஞ்சள் கொடி நட்டிட்டுப் போனவங்கள், காஸ் லைனுக்கு. மகன் மண்வெட்டியை ஓங்கின இடத்திலயிருந்து ஒரு அடி தள்ளி ஒரு கொடி. அதைப் பாத்தாப் பிறகு எனக்குக் கை ஓடேல்லை, அண்டைக்கு முழுக்க அந்தப் பக்கம் கையாலதான் கிண்டினது.

உங்களுக்கு மழை செய்யிறதை எங்களுக்கு உறைபனி செய்யுது. மண்ணுக்குள்ள ஈரம் கீழயிருந்து மேல இழுபட்டு, படைபடையாய் ஐஸ் கட்டி, கல்லைத் தூக்கும். பனி உருகினவுடன பாத்தால் கூரைப் பீலியால (தண்ணி வழியிற தகரத்தால) தண்ணி விழுற இடத்துக் கல் மட்டும் எழும்பி நிண்டுது. மற்றதெல்லாம் ஒரு அசைவில்லை. விளாத்திகுளம் தம்பி எழுதினதை வாசிக்க அதுதான் ஞாபகம் வந்தது. பீலிக் குழாயை நீட்டி வேலியோரம் விட்டன். அடுத்த குளிருக்கு எழும்பேல்லை. களிமண்ணுக்கும் கல்லுத்தூளுக்கும் இடையில ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சதும் உதவினது, இல்லாட்டி கல்லுத்தூள் சேத்துக்குள்ள தாண்டு போயிருக்கும்.

கொல்லைப்புறம்

எங்களுது தஞ்சாவூர்ப் பக்கம், வண்டல். உப்புற பிரச்சினை இல்ல. மாமனார் காலத்துல தூர்த்த கிணறு ஒண்ணு கொல்லையில இருந்ததாம், இடம் சரியா யாருக்கும் நினைவில்ல. கல்லு பாவி முடிச்சு, கரண்டிப் பிடியால ஒவ்வொரு கல்லா தட்டிக்கிட்டே வந்தேன். எல்லாம் கெட்டியா 'ணங்'னு கேட்குது. ஒரு கல்லு மட்டும் பானையைத் தட்டினாப்ல. கலவை சரியா பரவலன்னு நினைச்சு கடப்பாரையால நெம்பித் தூக்கினேன். கீழ கலவை இல்ல, மண்ணும் இல்ல. கருப்பா ஒரு ஓட்டை. கையில இருந்த சில்லு ஒண்ணு நழுவி உள்ள போச்சு, விழுந்த சத்தம் கேட்க நேரமாச்சு. என் ரெண்டு பசங்களும் அதே கல்லு மேல உட்கார்ந்துதான் காலையில இட்லி சாப்பிட்டாங்க.

தென்னை மட்டை, குப்பை, உடைசல் எல்லாம் போட்டுத் தூர்த்திருக்காங்க. மட்கி மட்கி உள்வாங்கியிருக்கு.

கொத்தனார் மகன்

அக்கா, உடனே அந்த இடத்தைச் சுத்தி கம்பு நட்டு கயிறு கட்டுங்க. மேல கம்பி கட்டி அரையடி கான்கிரீட் போட்டா போதும்னு யாராவது சொல்வாங்க, கேட்காதீங்க. ஓட்டை கீழ எவ்வளவு அகலம்னு தெரியாம...

கொல்லைப்புறம்

தம்பி, அதெல்லாம் ஆச்சு. கிணறு வெட்டுறவங்களைக் கூப்பிட்டு வாயைத் திறந்து, அடியில கருங்கல் சக்கை, மேல ஜல்லி, அதுக்கு மேல மண்ணு போட்டு நிரப்பினோம். ரெண்டு மழைக்காலம் தண்ணி குடிச்சு இறங்கட்டும்னு சொல்லியிருக்காங்க, அதுவரைக்கும் அங்க கல்லு கிடையாது. நான் கேட்க வந்தது ஒண்ணுதான்: இந்தத் தட்டிப் பார்க்கிற பழக்கம் உங்கள்ல யாருக்காவது இருக்கா? பாவி முடிச்சதும் தட்டினீங்களா?

விளாத்திகுளத்தான்

நான் தட்டல அக்கா. இப்பத்தான் போய் நடு வரிசையைத் தட்டிப் பார்த்தேன். ரெண்டு கல்லு வேற மாதிரி கேட்குது. நாளைக்கு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு போட்டோ போடுறேன்.