சூடே காட்டாமல் குழந்தை உணவில் கிருமி சாகுமா?

வேளச்சேரி அம்மா:
பாப்பாவுக்கு 8 மாதம். அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் காய்கறி மசியல் பாக்கெட் நான்கு கொண்டுவந்தார். சூடாக்காமல் அழுத்தம் கொடுத்தே கிருமியைக் கொன்றது, ஃபிரிட்ஜில் வைக்கவும் என்று அதில் போட்டிருக்கிறது. எங்கள் அத்தைக்குப் பாலோ கஞ்சியோ தளதளவென்று கொதித்தால்தான் நிம்மதி. அழுத்தினால் கிருமி சாகுமா? பாப்பாவுக்குக் கொடுக்கலாமா?

தரக்கட்டுப்பாடு:
சாகும். ஜூஸ் தொழிற்சாலையில் இதை ஹெச்பிபி, அதாவது உயர் அழுத்தப் பதப்படுத்தல் என்போம். மூடி ஒட்டிய பாக்கெட்டுகளைக் கனத்த எஃகு உருளைக்குள் அடுக்கி, தண்ணீரை நிரப்பி, சுமார் 6,000 வளிமண்டல அழுத்தத்தில் சில நிமிடம் வைப்பார்கள். கடலின் ஆழமான இடத்திலேயே 1,100 அளவுதான் என்றால் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுந்துவதால் பாக்கெட் கிழியாது, ஆனால் சால்மோனெல்லா, லிஸ்டீரியா மாதிரியான பாக்டீரியாவின் சவ்வு சிதைந்துவிடும். நிறமும் வைட்டமின் சியும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) இந்த அழுத்தத்துக்கும் சாகாது. புளிப்பில்லாத உணவில், அதாவது புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்கு மேல் இருந்தால், வெளியில் வைக்கும்போது அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். அதனால்தான் ஃபிரிட்ஜ் என்று போட்டிருக்கிறார்கள். வரும் வழியில் குளிரில் இருந்ததா?

வேளச்சேரி அம்மா:
இல்லையே, சூட்கேஸில் புடவைகளுக்கு நடுவில்தான் இருந்தது. வீடு வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. பாக்கெட் உப்பவில்லை, வாசனையும் நன்றாகத்தான் இருக்கிறது.

தரக்கட்டுப்பாடு:
அப்படியானால் கொடுக்கவே வேண்டாம், நான்கையும் தூக்கிப் போடுங்கள். இந்த நஞ்சு வாசனையில் தெரியாது. ஆசையாக வாங்கி வந்தவரிடம் பக்குவமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இரட்டையர் அம்மா, அம்பத்தூர்:
இதையும் சொல்லிவிடுகிறேன், பால் பவுடருக்கு இந்த அழுத்த முறை சரிவராது, ஈரம் இல்லாததால் கிருமி அவ்வளவாகச் சாகாது. பவுடர் முழுக்கக் கிருமியற்றதும் கிடையாது, குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு. உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது. நான் முதலில் கேன் தண்ணீரைக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துத்தான் கலந்துகொண்டிருந்தேன், டாக்டர் சொன்ன பிறகுதான் தப்பு என்று தெரிந்தது. இப்போது கொதித்து இறக்கி அரை மணிக்குள் கலந்து, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். அப்புறம், ஒரு வயது வரை தேன் மட்டும் நாக்கில் தடவவே விடாதீர்கள், அதே பொட்டுலினம் வித்து தேனிலும் இருக்கலாம்.

வேளச்சேரி அம்மா:
நான்கையும் போட்டுவிட்டேன். இன்றைக்குப் பாப்பாவுக்குப் பூசணிக்காய் வேகவைத்து மசித்தது.