சித்தப்பாவின் சாயங்காலக் காய்ச்சல்

சித்தி: ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. புருசெல்லோசிஸ் என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை நேற்றே தொடங்கியாச்சு. பேர்தான் வாயில் நுழையவில்லை.

மாமா: புது வைரஸா?

அக்கா: பாக்டீரியா மாமா. புதுசும் இல்லை. மாட்டுக்கு வந்தால் கன்று வீச்சு நோய் என்போமே, அதேதான். சித்தப்பா, போன மாதம் பசு ஏழாம் மாதச் சினையில் கன்றை வீசியதே, நஞ்சுக்கொடியை எடுத்தது யார்?

சித்தப்பா: நான்தான். வெறுங்கையோடு.

சித்தி: அன்றைக்குப் பார்த்து விரலில் வெட்டுக்காயம் வேறு.

அக்கா: நஞ்சுக்கொடியில் இந்தக் கிருமி மொய்த்துக் கிடக்கும். சின்னக் காயம் போதும், உள்ளே ஏறிவிடும்.

சித்தி: மூன்று வாரமாகச் சாயங்காலம் காய்ச்சல். ராத்திரி வேர்வையில் பனியனைப் பிழியலாம். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து உட்கார்ந்திருப்பார். இடுப்பு வலியை வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டோம்.

தம்பி: 1887இல் மால்டாவில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்துபோன சிப்பாய்களின் மண்ணீரலில் இதைக் கண்டுபிடித்தாராம். ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்று தெரிய 1905 ஆகிவிட்டது. ஆடுகள் பார்க்க நன்றாகத்தான் இருந்தனவாம்.

சித்தி: ஐயோ, அப்போ பால்?

அக்கா: பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். பச்சைப்பால் யாராவது குடித்தீர்களா?

சித்தப்பா: கறந்த சூட்டோடு ஒரு டம்ளர். தினமும்.

சித்தி: இதை டாக்டரிடம் சொல்லவே இல்லையே நீங்கள்!

மாமா: பயப்படாதே தங்கச்சி. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போட்டால் சரியாகிவிடும்.

அக்கா: மாமா, கொஞ்சம் சும்மா இருங்கள். இது நம் வெள்ளணுவுக்கு உள்ளேயே ஒளிந்துகொள்கிற கிருமி. அதனால்தான் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம். காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும்.

சித்தப்பா: இன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. ரத்தமோ என்று பயந்து காலை மாத்திரையைப் போடவில்லை.

அக்கா: அது ரிஃபாம்பிசின் நிறம் சித்தப்பா! டாக்டருக்கு உடனே போன் போட்டுக் கேளுங்கள்.

சித்தி: எனக்கு ஒட்டுமா?

அக்கா: ஆளுக்கு ஆள் ஒட்டுவது ரொம்ப அபூர்வம். ஆனால் நீங்களும்தானே கறக்கிறீர்கள், ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கால்நடை மருத்துவரிடம் பசுவையும் காட்ட வேண்டும்.

மாமா: போன வாரம் நான் வந்தபோது மாப்பிள்ளை எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாரே…

அக்கா: காய்ச்சியதா?

மாமா: நுரையோடு இருந்தது.

அக்கா: நாளைக் காலை சித்தியோடு நீங்களும் கிளம்புங்கள் மாமா.