பதின்மூன்று வயது பிட்சருக்கு முழங்கை வலி: மண்டலப் போட்டியில் ஆட விடலாமா?

காட்பாடிக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பள்ளியின் பேஸ்பால் அணியில் பிட்சராக, அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவனாக இருக்கிறான். வார இறுதியில் வேறொரு அணிக்கும் எறிகிறான். மாலை வேளைகளில் மொட்டை மாடியில் தார்ப்பாயைக் கட்டி, அதை நோக்கித் தனியாகவும் எறிந்து பழகுகிறான். சில வாரங்களாக வலது முழங்கையின் உட்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பை விரலால் தொட்டு அழுத்தினாலே முகம் சுளிக்கிறான். கையை முழுவதுமாக நீட்ட முடியவில்லை. பள்ளிப் பையை இடது தோளுக்கு மாற்றிவிட்டான். சட்டையைக் கழற்றும்போது அந்தக் கையை மட்டும் மெதுவாக உருவுகிறான். மண்டலப் போட்டி நெருங்குவதால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். புத்தூருக்கு அழைத்துச் சென்று கட்டுப் போட்டு வரலாம் என்கிறார் என் தாயார். மகனோ தன்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, வலியே இல்லை என்கிறான். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை பிசியோ எழுதியது:

ஐயா, வணக்கம். எறிவதை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

நீங்கள் சொல்லும் அந்த உட்பக்க எலும்பு முனை இந்த வயதில் மேற்கை எலும்போடு இன்னும் முழுமையாக ஒட்டியிருக்காது. இரண்டுக்கும் இடையில் வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்பு இருக்கும். கை பின்னால் வளைந்து, பந்தோடு முன்னோக்கிப் பாயும் நொடியில் முழங்கையின் உட்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் நசுங்குகிறது. வளர்ந்த ஆட்டக்காரருக்கு அந்த இழுவையில் மூட்டைப் பிணைக்கும் நார் தேய்ந்து அறும். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த அறுவை சிகிச்சை அந்த நாரை மறுபடி அமைப்பதற்கானதுதான். சிறுவர்களுக்கோ நாரைவிட வளர்ச்சித் தட்டே பலவீனமானது என்பதால் முதலில் அதுதான் பாதிக்கப்படுகிறது. இதை லிட்டில் லீக் எல்போ என்பார்கள்.

எனவே எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள், சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது உங்களுக்கு வசதி. வளர்ச்சித் தட்டின் இடைவெளி கூடியிருக்கிறதா என்பது மற்றக் கையோடு ஒப்பிட்டால்தான் பல நேரங்களில் தெரியும் என்பதால், இரண்டு முழங்கைகளுக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லலாம், வியப்படைய வேண்டாம். வெளிப்பக்கத்திலும் வலி இருந்தாலோ, கை நடுவில் மாட்டிக்கொள்வதுபோல் இருந்தாலோ அதையும் தவறாமல் சொல்லுங்கள்.

அம்மாவின் அக்கறை புரிகிறது. ஆனால் இது விழுந்து முறிந்த எலும்பு அன்று. இழுத்துக் கட்டவோ எண்ணெய் போட்டு நீவவோ இதில் ஒன்றுமில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு எறிவது அதைவிடத் தவறு. நிறுத்து என்று உடல் சொல்வதைக் கேட்கவிடாமல் செய்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி இழுப்பதாகிவிடும்.

குடியாத்தம் உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

மருத்துவம் குறித்து மேலே சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஏதுமில்லை. நான் சொல்ல விரும்புவது கணக்கைப் பற்றி.

நம் பக்கத்தில் பேஸ்பால் கற்றுக்கொடுப்பவர்களில் பலர் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நீட்ட விதி இடம் கொடுப்பதில்லை. அங்கே வேகப்பந்து வீசும் சிறுவனுக்கு அடிவாங்குவது பெரும்பாலும் இடுப்பு முதுகெலும்பு. அந்தப் பழக்கத்தில், கை வலி என்றால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007இல் இன்னிங்ஸ் கணக்கை விட்டுவிட்டு பிட்ச் எண்ணிக்கைக்கு, அதாவது பிட்சர் எறியும் பந்துகளின் எண்ணிக்கைக்கு மாறியது. அங்குள்ள பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி 13, 14 வயதுக்காரர் ஒரு நாளில் 95 பிட்சுக்கு மேல் எறியக் கூடாது. 66ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு, 21 முதல் 35 வரை என்றாலும் ஒரு நாள் ஓய்வு. ஆண்டில் நான்கு மாதமாவது பிட்ச் செய்யாமல் இருக்க வேண்டும் என்கிறார்கள். பிட்சராக எறிந்தவரை அதே ஆட்டத்தில் கேட்சராக, அதாவது மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடித்துத் திருப்பி எறிபவராக நிறுத்தக் கூடாது என்பதும் உண்டு. ஆள் பற்றாத நம் பள்ளி அணிகளில் அப்படி நிறுத்துவது அன்றாடம் நடக்கிறது, எனக்கு இதில் மிகுந்த வருத்தம்.

உங்கள் மகன் விஷயத்தில் பள்ளி ஒரு கணக்கு, வார இறுதி அணி ஒரு கணக்கு, மாடி யார் கணக்கிலும் இல்லை. இரு பயிற்சியாளர்களும் தத்தம் பங்கை மட்டும் பார்த்து, அளவோடுதான் எறிகிறான் என்று மனதார நம்பியிருப்பார்கள். மூன்றையும் கூட்டி ஒரே நோட்டில் எழுதக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அதிலும் மே மாத வெயிலில் நடக்கும் கோடை முகாம்களில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பிள்ளைகள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். களைத்த பின் தோள் தாழ்ந்து, முழங்கை இறங்கி, கை மட்டுமே தனியாக உழைக்கும். அப்போது எண்ணிக்கையைப் பார்க்காமல் நிறுத்திவிட வேண்டும்.

காட்பாடிக்காரர் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். நேற்றிரவு அருகில் உட்கார்ந்து கேட்டபோது, தோளின் மேற்பகுதியிலும் வேகமாக எறியும்போது வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டான். பிட்சிங்கை விட்டுவிட்டு ஃபர்ஸ்ட் பேஸில் ஃபீல்டராக மட்டும் மண்டலப் போட்டியில் ஆடலாமா என்றும் கேட்கிறான்.

ராணிப்பேட்டை பிசியோ எழுதியது:

தோள் வலியையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள் ஐயா. மேற்கை எலும்பின் உச்சியிலும் வளர்ச்சித் தட்டு உண்டு, அதுவும் இதேபோல் பாதிக்கப்படும். முழங்கை மட்டும் என்றால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் எறியாமல் இருந்தால் தேறும். தோளும் சேர்ந்தால் மூன்று மாதம்வரை ஆகலாம். ஃபர்ஸ்ட் பேஸிலும் எறிய வேண்டி வரும் என்பதால் இந்த மண்டலப் போட்டி வேண்டாம்.

அதற்காக வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. ஓடலாம், கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சிகளைச் செய்யலாம், எறியும் விசை அங்கிருந்துதான் புறப்படுகிறது. பேட்டிங்கை மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்கட்டும். அழுத்தினால் வலி இல்லை, கை முழுதாக நீள்கிறது என்று ஆன பின், கிட்டத்தில் நின்று மெதுவாகத் தொடங்கி, தூரத்தையும் வேகத்தையும் வாரக்கணக்கில் கூட்ட வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுப்பதைப் பிரதி எடுத்து இரண்டு பயிற்சியாளர்களிடமும் நீங்களே கொடுத்துவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்லும் பொறுப்பை அவன் தலையில் சுமத்த வேண்டாம்.