போர்க்காலத்தில் அமெரிக்கப் பண்ணை வீடுகள் காய்கறி, பழத்தைப் பதப்படுத்தியது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் இருந்ததே, ஜாடிகளில் எப்படிப் போட்டாங்க?

பதில் 1: சர்க்கரை ரேஷன் 1942 மே மாதம் வந்தது. பதப்படுத்தத் தனி ஒதுக்கீடு இருந்தது: 4 குவார்ட் (ஒரு குவார்ட் கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) பழத்துக்கு 1 பவுண்டு. பத்தலைன்னா பழச்சாற்றிலேயே போடலாம். நிறமும் ருசியும் மங்கும், ஆனா கெடாது. காப்பது பழத்தின் புளிப்பும் சூடும்தான்.

பதில் 2: பீன்ஸ், சோளத்துக்கு அது செல்லாதுங்க. புளிப்பு இல்லாததால், மணிக்கணக்கில் கொதிக்கவைத்தாலும் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் தப்பிக்கும். பிரஷர் கேனரில் (ஜாடிகளை ஆவி அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய பாத்திரம்) 10 பவுண்டு அழுத்தம், 116 டிகிரி செல்சியஸ் வேணும். முதலில் 10 நிமிடம் ஆவியை வெளியே விடணும். காற்று உள்ளே தங்கினா அழுத்தமானி முள் 10 காட்டும், சூடு மட்டும் ஏறாது. உயிருக்கே ஆபத்து இங்கதான்.

பதில் 3: அலுமினியம் போருக்குப் போனதால் கேனர் கிடைப்பதே அரிது. அதனால் பல ஊர்களில் பொதுக்கூடம் வைத்துச் சேர்ந்து பதப்படுத்தினாங்க.